மனிதத் தொடர்பியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, உள்ளே என்னதான் சொல்லித்தருவார்கள்?

#1 கோவைக்கயல்

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி வருடம் படிக்கிறேன். முதுகலைக்கு வெளிநாட்டில் விண்ணப்பித்திருந்தேன், இரண்டு இடத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஒன்று அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், கம்யூனிகேஷன், அதாவது தொடர்பியல் துறையில் இரண்டு வருட எம்.ஏ. இன்னொன்று இங்கிலாந்தில் ஒரு வருடம், ஆட்கள் நேரிலும் போனிலும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆராய்கிற படிப்பு, உரையாடல் பகுப்பாய்வு என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் சொன்னால் மாமா "விஸ்காம்தானே, அதைச் சென்னையிலேயே படிக்கலாமே" என்கிறார், அப்பா "டிவியில செய்தி வாசிக்கவா?" என்று கேட்கிறார். அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கே தெளிவு இல்லை. இரண்டும் ஒன்றா, வேறா? கடன் வாங்கித்தான் போக வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

#2 இரும்புக்கடை

தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம், நேராகவே சொல்லிவிடுகிறேன். மனுஷன் பேசுவதில் ஆராய என்ன இருக்கிறது? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். நான் வியாபாரத்தில் இருக்கிறேன், ஆள் வந்து நின்று முதல் வார்த்தை பேசும்போதே வாங்க வந்தவரா விலை விசாரிக்க வந்தவரா என்று தெரிந்துவிடும். இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. சொந்தக் காசு என்றால் சரி, ஆசைக்குப் படிக்கலாம். கடன் என்றால் வேலை கொடுக்கிற படிப்பாகப் பாருங்கள்.

#3 வடகாற்று

கயல், நான் இங்கிலாந்தில் இந்தத் துறையில்தான் முனைவர் ஆய்வு செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டும் வேறு வேறு. அமெரிக்கக் கம்யூனிகேஷன் துறைகளில் பல, பேச்சுக்கலை ஆசிரியர்களிடமிருந்து வந்தவை. 1914இல் சிகாகோவில் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து 17 பேர் பிரிந்துபோய், மேடைப்பேச்சு கற்பிப்பவர்களுக்கு என்று தனிச் சங்கம் தொடங்கினார்கள், இன்றைக்கு அங்கே இருக்கிற தேசியத் தொடர்பியல் சங்கம் அதன் தொடர்ச்சிதான். இன்னொரு கிளை வானொலி, பத்திரிகை, பிரச்சாரம் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. 1940 அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் வாக்காளர்களை மறுபடி மறுபடி சந்தித்துப் பேட்டி எடுத்தது. ஊடகம் ஆட்களின் மனதை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கப் போனவர்கள், வீட்டு ஆட்களும் கூட வேலை செய்கிறவர்களும் சொல்வதுதான் அதைவிட எடுபடுகிறது என்று கண்டு வந்தார்கள். 1947இல் வில்பர் ஷ்ராம் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடர்பியலுக்கென்றே ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அமெரிக்கக் கடிதம் இந்த இரண்டும் கலந்த ஒரு துறையிலிருந்து வந்திருக்கும். மேடைப்பேச்சு, ஊடகத் தாக்கம், அலுவலகத் தொடர்பு, குடும்ப உறவு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

உங்கள் இங்கிலாந்துப் படிப்பின் வேர் வேறு இடத்தில். ஹார்வி சாக்ஸ் என்று ஒருவர், சட்டம் படித்துவிட்டுச் சமூகவியலுக்கு வந்தவர், 1963-64 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் தற்கொலை ஆய்வு மையம் ஒன்றில் இருந்தார். தற்கொலை எண்ணத்தோடு போன் செய்கிறவர்களின் அழைப்புகள் அங்கே பதிவாகியிருந்தன. மையத்துக்கு ஒரு சிக்கல்: அழைப்பவர்கள் பலர் பெயர் சொல்ல மாட்டார்கள். ஊழியர் "நான் ஸ்மித் பேசுகிறேன், என்ன உதவி வேண்டும்?" என்று தொடங்கினால், பெரும்பாலும் எதிர்முனையும் தன் பெயரைச் சொல்லிவிடும். ஒரு அழைப்பில் அப்படி நடக்கவில்லை. எதிர்முனை "நீங்கள் சொன்னது கேட்கவில்லை" என்றது. ஊழியர் மறுபடி "ஸ்மித்" என்றார். அவர் "ஸ்மித்தா" என்று திருப்பிச் சொன்னார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பெயர் கடைசிவரை வரவில்லை. சாக்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "கேட்கவில்லை" என்ற சொல், பெயர் சொல்ல வேண்டிய முறையை மறுப்பே இல்லாமல் தாண்டிப் போக உதவியிருக்கிறது. காது கேட்டதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உரையாடலில் அந்த இடத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்பதைப் பதிவைக் கேட்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

1964இலிருந்து அவர் நடத்திய வகுப்புகளை ஒலிநாடாவிலிருந்து எழுத்தாக்கியவர் கெயில் ஜெஃபர்சன். சாக்ஸ் 1975இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவரும், கூட ஆய்வு செய்த ஷெக்லாஃபும், ஜெஃபர்சனும் சேர்ந்து ஆட்கள் முறை வைத்துப் பேசுவது பற்றி 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைக்கும் இங்கே வகுப்பு தொடங்குகிறது. பேச்சைப் பற்றி நினைவிலிருந்து பேசாதே, பதிவை எடு, திரும்பத் திரும்பக் கேள் என்பதுதான் அந்தப் படிப்பு.

#4 பேச்சுப்பட்டறை

நல்ல இழை. நான் நிறுவனங்களுக்கு மென்திறன் பயிற்சி கொடுக்கிறேன். வடகாற்று சொல்வதில் ஒன்று விடுபட்டுவிட்டது. சொல்லை மட்டுமே பிடித்துக்கொண்டு எழுத்தாக்கினால் என்ன கிடைக்கும்? தொடர்பில் சொல்லின் பங்கு 7 சதவீதம்தான், குரல் 38, உடல்மொழி 55. இது கலிஃபோர்னியாவில் பேராசிரியர் மெஹ்ராபியன் நிரூபித்தது, உலகம் முழுக்கப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். கயல், நீங்கள் படித்தால் இதைச் சொல்லித்தரும் இடமாகப் பார்த்துப் படியுங்கள், பயிற்றுநர் வேலைக்கு நேராகப் போகலாம்.

#5 வடகாற்று

பேச்சுப்பட்டறை சார், அந்த 7-38-55 பற்றி மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த எண்ணை நம்பிப் பல பேர் காசு செலவழிக்கிறார்கள்.

1967இல் வந்த இரண்டு சிறிய சோதனைகளை ஒட்டி உருவான எண் அது. ஒன்றில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிப் பதிந்து, சொன்னவரின் மனநிலை என்ன என்று கேட்டார்கள். இன்னொன்றில் "மேபி" (ஒருவேளை) என்ற ஒரே சொல்லை மூன்று விதத் தொனியில் சொல்லவைத்து, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, இரண்டுமில்லை என்று காட்டுகிற முகப் புகைப்படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். இரண்டிலும் கிடைத்ததைக் கூட்டிச் சேர்த்ததுதான் அந்தச் சூத்திரம். ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு, அதுவும் சொல்லும் தொனியும் முகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நேரத்தில், நாம் எதை நம்புகிறோம் என்பது பற்றியது அது. உணர்வு, விருப்பு வெறுப்பு பற்றிப் பேசும்போது தவிர மற்றதுக்கு இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். திருச்சி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் கேட்கிறோம், பதிலில் 93 சதவீதம் குரலிலும் முகத்திலுமா இருக்கிறது?

குரலும் கையும் பார்வையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வீடியோவை நிறுத்தி நிறுத்தி, யார் எந்த அசையில் தலையைத் திருப்பினார் என்று பார்க்கிற வகுப்பே இருக்கிறது. பிரித்துச் சதவீதம் போடுவதைத்தான் செய்ய மாட்டார்கள். சொல்லும் பார்வையும் இடைவெளியும் சேர்ந்துதான் ஒரு செயலாகிறது.

#6 பேச்சுப்பட்டறை

மூலக் கட்டுரையைத் தேடி எடுக்கிறேன். ஆனால் ஒன்று, பயிற்சிக்கு வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுக்கிற பழக்கத்தை விட அந்த எண் உதவுகிறது. எண் போனாலும் தேவை போகவில்லை.

#7 இரும்புக்கடை

அந்த ஸ்மித் கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு அழைப்பை வைத்து எப்படிச் சட்டம் போடுவீர்கள்? எங்கள் தொழிலில் ஒரு வாடிக்கையாளரை வைத்து ஊரையே எடை போட்டால் கடை மூழ்கிவிடும். அப்புறம் எல்லாமே ஆங்கிலப் பேச்சு. தமிழில் நாலு வரி காட்டுங்கள், பார்க்கலாம்.

#8 வடகாற்று

நியாயமான கேள்வி. முதலில் ஒற்றை அழைப்பு விஷயம்.

ஷெக்லாஃப் காவல்துறைக்கு வந்த, அங்கிருந்து போன சுமார் 500 போன் அழைப்புகளை வைத்துக்கொண்டு, போனை எடுப்பவர்தான் முதலில் பேசுவார் என்று விதி எழுதினார். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் போன் எடுக்கப்படுகிறது, சத்தமே இல்லை, அப்புறம் அழைத்தவரே "ஹலோ" என்கிறார். 500இல் ஒன்றுதானே என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் தான் எழுதிய விதியை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து யோசித்தார். போன் மணி என்பதே ஒரு கூப்பாடு, எடுத்தவர் சொல்லும் ஹலோ அதற்கு வரும் பதில். பதில் வரவில்லை என்றால் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுவார், அந்த ஒற்றை அழைப்பில் வந்த ஹலோ அந்த இரண்டாவது கூப்பாடு. இப்போது 500ம் பொருந்தியது, போன் இல்லாத இடத்துக்கும் பொருந்தியது: "அம்மா" என்று கூப்பிட்டு, பதில் வராவிட்டால் மறுபடி "அம்மா" என்கிற குழந்தை வரை. 1968இல் வந்த கட்டுரை. எண்ணிக்கை வேண்டாம் என்பதில்லை, ஆனால் பொருந்தாத ஒன்றுதான் இந்தத் துறையில் அதிக வேலை வாங்குகிறது.

அடுத்து தமிழ். பயிற்சிக்காக என் வீட்டு ஆட்களிடம் கேட்டுப் பதிந்த போன் பேச்சிலிருந்து ஒரு துண்டு. அடைப்பில் இருப்பது இடைவெளி, நொடியில். இரட்டைப் புள்ளி என்றால் இழுத்துச் சொன்னது. ஜெஃபர்சன் உண்டாக்கிய குறியீடு இது, நான் பாதியைத்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

அக்கா: ஞாயித்துக்கெழம காலைலயே வந்துரு என்ன
(0.8)
தங்கை: ம்ம்:: ஞாயிறா
(0.3)
தங்கை: அது வந்து இவருக்கு அன்னைக்கு
அக்கா: டூட்டியா
தங்கை: ஆமா::
அக்கா: சரி அப்ப சாயங்காலமா வா

"வர முடியாது" என்று யாருமே சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனாலும் மறுப்பு நடந்துமுடிந்து, மாற்று ஏற்பாடும் வந்துவிட்டது. சரி என்பதாக இருந்தால் உடனே வந்திருக்கும். 0.8 நொடி போனதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் தங்கை காரணத்தை முடிக்கும் முன் அக்காவே "டூட்டியா" என்று எடுத்துக்கொடுக்கிறார். மறுப்பைச் சொல்லும் கஷ்டத்தை அழைத்தவரே பாதி சுமக்கிறார். அந்த ஐந்தாறு நொடியை எழுதி முடிக்க ஒரு சாயங்காலம் போனது.

0.8 எவ்வளவு பெரியது என்று கேட்டால்: ஸ்டிவர்ஸும் கூட்டாளிகளும் 2009இல் பத்து மொழிகளில், ஆமாம் இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை எடுத்து, பதில் தொடங்க ஆகும் நேரத்தை அளந்தார்கள். மொத்தச் சராசரி சுமார் 0.2 நொடி. ஜப்பானியர் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் பதில் சொல்கிறார்கள், டேனிஷ்காரர்கள் அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள், மற்ற மொழிகள் நடுவில். ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால் வாயைத் திறக்கவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியானால் எதிராளி முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று கணித்து நம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. யாராவது செய்ய வேண்டும்.

ஆனால் தமிழ் இந்தத் துறைக்குப் புதிதில்லை. பெனெலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவு, மரியாதை பற்றி 1978இல் எழுதியது உலகம் முழுக்க இந்தப் படிப்பில் வருகிறது. அதற்கு ஆதாரமான மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ். லெவின்சன் 1970களில் கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, எந்தச் சாதிக்காரர் யாரை "நீ" என்கிறார், யாரை "நீங்க" என்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வாகக் கொடுத்தார். கயல், உங்கள் ஊர்ப் பேச்சு அந்தப் பாடத்தில் உங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

#9 ஓபி_டாக்டர்

இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், இடைவெளி விஷயம் வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புறநோயாளிப் பிரிவில் உட்காருகிறேன். காய்ச்சல் என்று வருவார், பார்த்து மருந்து எழுதிச் சீட்டைக் கையில் கொடுத்ததும் எழுந்து கதவுவரை போய்த் திரும்பி "இன்னொண்ணு டாக்டர்..." என்பார். அந்த இன்னொன்றுதான் அவர் வந்ததன் காரணமாகவே இருக்கும், நெஞ்சு படபடப்பு, கட்டி, மகனின் குடி. வெளியே வரிசை நிற்கிறது. இதைப் பற்றி உங்கள் துறை ஏதாவது பார்த்திருக்கிறதா?

#10 வடகாற்று

டாக்டர், இந்தத் துறையில் உறுதியாகக் கைகொடுத்த இடமே மருத்துவமனைதான்.

1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிந்து பார்த்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கே புகுந்து ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம்தான். கதவருகே வருகிற "இன்னொண்ணு" அங்கே பிறக்கிறது.

அப்புறம் 2007இல் ஹெரிடேஜ், ராபின்சன் குழு ஒரு சோதனை செய்தது. மருத்துவர்களில் ஒரு பகுதியினர் முதல் குறையைக் கேட்டு முடித்ததும் "எனிதிங் எல்ஸ்" சேர்த்து இன்னும் பேச வேண்டியது இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இன்னொரு பகுதியினர் அதே கேள்வியை "சம்திங் எல்ஸ்" என்று கேட்க வேண்டும். முதல் விதம் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பது, இரண்டாவது இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்பது. ஒன்றுக்கு மேல் குறை வைத்திருந்த நோயாளிகளிடம் இரண்டாவது விதம் கேட்டபோது, சொல்லாமலே திரும்பிப் போகிற குறைகள் 78 சதவீதம் குறைந்தன. முதல் விதத்தால் சொல்லும்படி பலன் இல்லை. சந்திப்பின் நேரமும் கூடவில்லை. மேடைப்பேச்சுப் பயிற்சியில் இது வராது, "நோயாளியிடம் அன்பாகப் பேசுங்கள்" என்ற சுற்றறிக்கையிலும் வராது. பதிவை உட்கார்ந்து கேட்டவர்களால்தான் இந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

#11 ஓபி_டாக்டர்

நன்றி. நாளைக்கே மாற்றிப் பார்க்கத் தோன்றுகிறது, ஆனால் இங்கே அப்படியே எடுத்து வைக்க முடியாது. உங்கள் ஆய்வில் மருத்துவர், நோயாளி என்று இரண்டு பேர். என் எதிரே எப்போதும் மூன்று, நான்கு பேர். வயதான அம்மாவிடம் "என்ன செய்யுது?" என்றால் மகன் பதில் சொல்கிறார். அம்மா வாயைத் திறக்கும்போது மருமகள் திருத்துகிறார். புதிதாகக் கல்யாணமான பெண் மாமியார் முன்னால் எதைச் சொல்வாள்? "வேற ஏதாவது இருக்கா?" என்று நான் யாரைப் பார்த்துக் கேட்கிறேன் என்பதே பதிலை மாற்றிவிடும். தமிழில் இதைப் பதிந்து யாராவது ஆராய்ந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. கயல், நான் இதை வேலைவாய்ப்பாகச் சொல்லவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்கிறேன்.

#12 கோவைக்கயல்

டாக்டர், இந்தப் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது அவரேதான் எல்லாப் பதிலும் சொன்னாராம், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "சரி, படிச்சிட்டு என்ன வேலை?" என்று கேட்டார். அதுதான் என் அடுத்த கேள்வியும். அமெரிக்காவா, இங்கிலாந்தா?

#13 மணல்மேடு

நான் அமெரிக்காவில் கம்யூனிகேஷன் எம்.ஏ. முடித்தவள். காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடிதத்தில் கற்பித்தல் உதவியாளர் இடம் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். பல துறைகளில் முதுகலை மாணவர்களே இளங்கலைப் பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு வகுப்பு எடுப்பார்கள், அதற்குப் பதிலாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளமும் உண்டு. அந்த இடம் இருந்தால் கடன் பாதிக்கு மேல் குறையும். இல்லையென்றால் இரண்டு வருடக் கட்டணம் முழுதாக உங்கள் தலையில், நான் போகச் சொல்ல மாட்டேன். வகுப்பு எடுத்ததில் எனக்குக் கிடைத்த அனுபவம்தான் முதல் வேலைக்கு உதவியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#14 வடகாற்று

மணல்மேடு சொன்னது ரொம்ப முக்கியம். இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலைக்கு அந்த மாதிரி உதவியாளர் வேலையை எதிர்பார்க்க முடியாது, உதவித்தொகை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கைக்காசுதான். வேலை என்று கேட்டால், உரையாடல் பகுப்பாய்வாளர் என்று இந்தியாவில் யாரும் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பதில்லை. இந்தத் திறமையை வேறு பெயரில் விற்க வேண்டும்: குரல் உதவிச் செயலிகளை வடிவமைக்கிற குழு, வாடிக்கையாளர் சேவை மையத்தின் தர ஆய்வு, மருத்துவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி, பயனர் ஆய்வு. முனைவர் ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இங்கிலாந்துப் படிப்பு நேரான வழி. அது இன்னும் உறுதியில்லை என்றால், உதவியாளர் இடத்தோடு வருகிற அமெரிக்க எம்.ஏ.தான் உங்கள் குடும்ப நிலைமைக்குச் சரி என்று நினைக்கிறேன், அங்கேயும் பதிவை வைத்து ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் இருந்தால்.

அதைக் கண்டுபிடிக்க, துறைக்கு மின்னஞ்சல் போட்டு, வாராவாரம் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே பதிவைக் கேட்கிற கூட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கிறது, நீங்களும் தமிழ்ப் பதிவு கொண்டு வரலாம் என்று பதில் வந்தால் அந்த இடம் நல்ல இடம்.

#15 இரும்புக்கடை

கடன் விஷயத்தில் மணல்மேடு சொன்னதைத்தான் நானும் சொல்வேன். தங்கச்சி, உதவியாளர் இடம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம். படிப்பைப் பற்றி இனி நான் பேசவில்லை, டாக்டருக்குத் தேவைப்படுகிற வேலை என்றால் அது வேலைதான்.

#16 கோவைக்கயல்

அமெரிக்கக் கடிதத்தில் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் இருக்கிறது, எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். இரண்டு துறைக்கும் அந்தப் பதிவு கேட்கும் கூட்டம் பற்றியும் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை நானே கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். டாக்டர், உங்கள் ஓபியில் வந்து பதிய முடியுமா?

#17 ஓபி_டாக்டர்

இப்போதைக்கு முடியாதும்மா. நோயாளி பேசுவதைப் பதிய வேண்டும் என்றால் முதலில் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, அதற்கு ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரில் ஆய்வுத் திட்டம் வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி முன்னால் கைநாட்டு வாங்க வேண்டும். பதிய வேண்டாம் என்று சொல்பவருக்கு வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது என்பதையும் வாயாலேயே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பயந்துகொண்டு சரி என்பார்கள். நீங்கள் சேர்ந்த பிறகு ஆசிரியரோடு திட்டம் எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்து வேலையை நான் பார்க்கிறேன்.

#18 வடகாற்று

அதுவரை வீட்டில் பதியுங்கள், கயல். எல்லாரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, போனைச் சாப்பாட்டு மேசையில் துணி மேல் வையுங்கள், வெறும் மேசையில் வைத்தால் தட்டுச் சத்தம் பேச்சை அடித்துவிடும். நீளமாகப் பதியுங்கள், ஆனால் எழுதுவதற்கு அரை நிமிடம் மட்டும் எடுங்கள். எழுதி முடித்ததும் பேசியவர்களிடமே போட்டுக் காட்டுங்கள். யாராவது இந்த இடம் வேண்டாம் என்றால் அதை அழித்துவிட வேண்டும், ஆய்வுக்கு எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் சரி.